இடக்கை வீரர் காரோலி தகாச்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாள் என்பது நம் நாட்டுப் பழமொழி. தன் குறையை மறைக்கக் கருவியின் மேல் பழி சுமத்துவோரைச் சுட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான வாக்கியம் கிடைப்பது அரிது. ஆயினும் இப்பழமொழிக்கு மறுபுறமும் ஒன்றுண்டு. கூடம் உண்மையிலேயே கோணலாக இருத்தல் கூடும்; கருவி உண்மையிலேயே கைக்கு ஒவ்வாததாக அமைதல் கூடும். எதைப் பழக்கத்தால் திருத்த வேண்டும், எதைத் தேர்ந்து மாற்ற வேண்டும் என்று பகுத்தறிபவனே தன் தொழிலில் தேர்ச்சி பெறுகிறான். ஹங்கேரி தேசத்துக் கைத்துப்பாக்கி வீரர் காரோலி தகாச் அவர்களுடைய சரித்திரம் இதற்குத் தக்க சான்றாகும். துப்பாக்கியைப் பற்றி இப்பக்கத்தில் எழுதுவானேன் என்று நமது வாசகர்கள் ஐயுற வேண்டாம். இங்கே பேசப்படும் துப்பாக்கி எவர் உயிரையும் வாங்குவதற்கு ஏற்பட்டதன்று. மனிதனுடைய கையுறுதியையும் மனவுறுதியையும் அளந்து காட்டுவதற்கு ஏற்பட்டது.

தகாச் 1910-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 21-ந் தேதி புடாபெஸ்ட் நகரில் பிறந்தார். ராணுவத்தில் சேர்ந்து ஸார்ஜண்ட் பதவியில் இருந்தார். கைத்துப்பாக்கியால் இலக்கை அடிக்கும் வித்தையில் 1936-க்குள் உலகத்தின் முதல் வரிசை வீரருள் ஒருவராக மதிக்கப்பட்டார். அவ்வருஷம் பெர்லின் மாநகரில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெற்றன. ஹங்கேரியின் சார்பில் அவர் செல்வதற்குத் திறமையில் குறை ஏதும் இல்லை. குறை பதவியில் இருந்தது. கமிஷன் பெற்ற அதிகாரிகளே ராணுவத்தின் பெயரால் போட்டியிடலாம் என்பது அந்நாளைய விதி. ஸார்ஜண்டாகிய தகாச் வீட்டில் நிறுத்தப்பட்டார். தன்னைத் துளைத்த குண்டு கர்னலுடையதா, ஸார்ஜண்டுடையதா என்று இலக்குப் பலகை கேட்பதில்லை. பலகை கேளாத கேள்வியை மனிதர் கேட்டனர்; ஒரு தேசம் தன் சிறந்த வீரனைத் தானே இழந்தது. பெர்லின் பந்தயம் முடிந்த பிறகு அவ்விதி தளர்த்தப்பட்டது.

தகாச் ஈடுபட்ட போட்டி எத்தகையது என்று அறிந்தால்தான் பின்னர் அவர் செய்த செயலின் அருமை விளங்கும். அந்நாளில் இருபத்தைந்து மீட்டர் தூரத்தில் ஆள் உருவம் வரைந்த ஐந்து பலகைகள் வரிசையாக நிற்கும். வீரர் கையைத் தாழ்த்தியபடி காத்திருப்பார். பலகைகள் திடீரென்று அவரை நோக்கித் திரும்பும். உடனே கையை உயர்த்தி, ஒவ்வொரு பலகைக்கும் ஒரு குண்டாக ஐந்து குண்டுகளைச் செலுத்த வேண்டும். முதலில் எட்டு வினாடி, பின்பு ஆறு வினாடி, முடிவில் நான்கே வினாடி அவகாசம். இவ்வாறு மொத்தம் 60 குண்டுகள். ஒவ்வொன்றும் நடுவில் பட்டால் 600 புள்ளி. நான்கு வினாடித் தொடரில் கையை உயர்த்தி முதற்குண்டைச் செலுத்துவதற்கே ஒரு வினாடிக்கு மேல் சென்றுவிடும். எஞ்சிய நான்கு குண்டுகளுக்கும் குண்டொன்றுக்கு முக்கால் வினாடியும் கிடைப்பதில்லை. இவ்வளவும் ஒரே கையால் செய்யப்படுவது.

இப்போட்டிக்குத் துப்பாக்கியைத் தேர்ந்தெடுப்பது எளிய காரியமன்று. ஒவ்வொரு குண்டுக்கும் வீரரே கையால் தோட்டாவை மாற்றிக்கொண்டிருந்தால் நான்கு வினாடி போதாது. ஆகவே, ஒரு குண்டு வெடித்த வேகத்திலேயே காலிக்கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொண்டு, விரல் மீண்டும் விசையை அழுத்தும் வரையில் காத்திருக்கும் இயந்திர அமைப்புத் தேவைப்படுகிறது. அடுத்து எழும் கேள்வி எந்த அளவுத் தோட்டா என்பது. அறியாதவர் பெரிய தோட்டாவே சிறந்ததென்று எண்ணுவர். பெரிய தோட்டா கையைப் பெரிதாக உதைக்கும். உதைபட்ட கை அடுத்த பலகைக்குத் திரும்புமுன் காலம் கடந்துவிடும். காகிதத்தைத் துளைக்கப் பெரிய குண்டு வேண்டியதில்லை.

அங்குலத்தில் நூற்றில் இருபத்திரண்டு பங்கு, அதாவது 5.6 மில்லிமீட்டர் விட்டமுள்ள தோட்டாக்களே இலக்குப் பயிற்சிக்கு உலகமெங்கும் வழங்குவன. அவற்றுள் இரண்டு வகை முக்கியமானவை. 1887-இல் தோன்றிய லாங் ரைபிள் என்பது எங்கும் மலிவாய்க் கிடைப்பது. அதன் ஈயக்குண்டு சாதாரணமாக 40 கிரெய்ன் நிறையுள்ளது. அதற்கு முப்பது வருஷம் முந்தி, 1857-இல் அமெரிக்காவில் ஸ்மித் அண்டு வெஸ்ஸன் கம்பெனியார் தங்கள் சிறு சுழல் துப்பாக்கிக்காக வெளியிட்டது ஷார்ட் என்னும் குறுந்தோட்டா. அதன் குண்டு 29 கிரெய்ன். வலிமை குறைந்தது, பழமையானது, கடைகளில் அருகியே காணப்படுவது. ஆனால் அதன் உதைப்பும் மிகச் சிறிது. உலகம் பழையதென்று ஒதுக்கிய அத்தோட்டாவே இந்த விரைவுப் போட்டிக்கு மிக ஏற்றதென்று வீரர்கள் கண்டனர். 1936-இல் பெர்லினில் இப்போட்டியில் வென்ற ஜெர்மானியர் கார்னேலியஸ் வான் ஓயன் கையாண்டது வால்தர் கம்பெனியார் செய்த ஒலிம்பியா என்னும் துப்பாக்கி. அது குறுந்தோட்டாவுக்கென்றும் செய்யப்பட்டு வந்தது. யுத்தத்துக்குப் பின் அதே அமைப்பை ஸ்விட்ஸர்லாந்தின் ஹாமர்லி கம்பெனியார் உரிமை பெற்றுச் செய்தனர்.

அருகிய தோட்டாவைத் தேர்ந்தவன் அதற்குரிய கஷ்டங்களையும் சேர்த்தே தேர்ந்துகொள்கிறான். வலிமை குறைந்த தோட்டாவால் கனமான இயந்திரத்தைப் பின்னே தள்ள இயலாது. ஆதலின் நகரும் பாகம் இலேசாக இருத்தல் வேண்டும். சிறிது அழுக்கு படிந்தாலும் அது தடைப்படும். குறுந்தோட்டாவை நீண்ட தோட்டாவுக்குரிய குழலில் இட்டால் குண்டு குழலின் வரிப்பள்ளத்தைச் சேருமுன் வெற்றிடத்தைத் தாண்ட நேர்ந்து, குறி கெடும். ஒரே கம்பெனியின் தோட்டாக்களிலும் ஒரு தொகுதி ஒரு குழலுக்கு ஒத்துவரும், மற்றொன்று ஒத்துவராது. சுட்டுப் பார்த்தே தேர வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலானது கைப்பிடி. மரத்தைச் செதுக்கிச் செதுக்கி, கண்ணை மூடிக்கொண்டு கையை உயர்த்தித் திறந்தாலும் குறிகள் இலக்கை நோக்கி நிற்குமாறு அதை அமைப்பர். துப்பாக்கியின் விலையும் புகழும் எதுவாயினும், பிடி கைக்குப் பொருந்தாவிடில் பயனில்லை. தேர்வின் தொடக்கமும் முடிவும் கையே.

அந்தக் கையைத்தான் தகாச் இழந்தார். 1938-இல் ராணுவப் பயிற்சியின்போது பழுதுள்ள எறிகுண்டு ஒன்று அவருடைய வலக்கையிலேயே வெடித்தது. சுடும் கை சிதைந்து போயிற்று. அப்போது அவருக்கு வயது 28. பதவி விதி தளர்ந்து, அடுத்த ஒலிம்பிக்குக்கு வழி திறந்திருந்த சமயத்தில் இவ்விபத்து நேர்ந்தது. ஒரு மாதம் வைத்தியசாலையில் கிடந்தார். பிறகு எவருக்கும் அறிவிக்காமல் இடக்கையால் சுடப் பழகத் தொடங்கினார்.

இதில் அடங்கிய பிரயாசையை வாசகர்கள் சிறிது எண்ணிப் பார்க்க வேண்டும். வலக்கையால் எழுதுவோர் இடக்கையால் தம் பெயரை ஒருமுறை எழுதிப் பார்த்தால் ஓரளவு விளங்கும். பல வருஷப் பழக்கத்தால் விரல் கற்றிருந்த மென்மையை வேறொரு விரலுக்கு முதல் பாடத்திலிருந்து கற்பிக்க வேண்டும். வலக்கைக்கென்று செதுக்கிய பிடி இடக்கைக்கு உதவாது. பெரும்பாலான துப்பாக்கிகளில் காவல் விசை வலக்கைப் பெருவிரலுக்கு எட்டுமாறு அமைந்திருக்கும். பெரும்பாலோர்க்கு வலக்கண்ணே குறி பார்ப்பதில் வலியது. இடக்கையை நீட்டும்போது கண்ணும் கையும் ஒரே கோட்டில் வருவதற்குத் தலையும் உடலும் புதிய நிலையைப் பழக வேண்டும். மற்ற வீரர்கள் கைக்கேற்ற துப்பாக்கியைத் தேடினர். தகாச் துப்பாக்கிக்கேற்ற கையையே புதிதாக ஆக்க வேண்டியிருந்தது.

1939-ஆம் வருஷ வசந்த காலத்தில் ஹங்கேரியின் தேசியப் போட்டி கூடியது. அங்கு வந்த தகாச்சைக் கண்ட பழைய தோழர்கள், தங்களை உற்சாகப்படுத்த வந்திருக்கிறார் என்று எண்ணி அனுதாபம் கூறினராம். தாம் வேடிக்கை பார்க்க வரவில்லை, போட்டியிட வந்திருப்பதாக அவர் தெரிவித்தார். அன்று வெற்றி அவருடையதாயிற்று. அதே வருஷம் ஸ்விட்ஸர்லாந்தில் லூஸெர்ன் நகரில் நடந்த உலகப் போட்டியில் வென்ற ஹங்கேரிக் கோஷ்டியிலும் அவர் இடம் பெற்றார்.

விதியின் சோதனை அதோடு நிற்கவில்லை. உலக யுத்தம் மூண்டது. 1940-இலும் 1944-இலும் நடைபெற வேண்டிய ஒலிம்பிக் பந்தயங்கள் நடைபெறவில்லை. ஹங்கேரி 1941-இல் ஜெர்மனியின் பக்கம் யுத்தத்தில் இறங்கியது. யுத்தத்தின் முடிவில் புடாபெஸ்ட் நகரமே முற்றுகைக்கு உள்ளாகிச் சிதைந்தது. 26-ஆம் வயதில் பதவியால் தடுக்கப்பட்ட வீரர், 38-ஆம் வயதில்தான் ஒலிம்பிக் களத்தில் கால் வைத்தார். அது 1948-ஆம் வருஷம் லண்டன் பந்தயம். துப்பாக்கிப் போட்டிகள் பிஸ்லி என்னுமிடத்தில் நடந்தன.

அப்போது உலக முதல்வராக விளங்கியவர் அர்ஜெண்டினாவின் கார்லோஸ் ஸயன்ஸ் வலியந்தே. போட்டிக்கு முன் அவர் தகாச்சைக் கண்டு, இங்கு எதற்காக வந்தீர் என்று வியந்து வினவினார் என்றும், கற்றுக்கொள்வதற்காக வந்தேன் என்று தகாச் அடக்கத்தோடு விடையளித்தார் என்றும் சொல்லப்படுகிறது. முடிவில் தகாச் 580 புள்ளி பெற்று, புதிய உலக சாதனையுடன் முதல் ஸ்தானத்தை அடைந்தார். வலியந்தே 571 புள்ளியுடன் இரண்டாம் ஸ்தானம் பெற்றார். பரிசளிப்பின்போது, நீர் வேண்டிய அளவு கற்றுக்கொண்டுவிட்டீர் என்று வலியந்தே பெருந்தன்மையோடு பாராட்டினாராம்.

1952-இல் ஹெல்ஸிங்கி நகரில் தகாச் மீண்டும் வென்றார். இப்போட்டியில் ஒருமுறை பெற்ற முதல் ஸ்தானத்தை அடுத்த ஒலிம்பிக்கிலும் காத்துக்கொண்ட முதல் வீரர் அவரே. 579 புள்ளி பெற்ற அவருக்கு ஒரே புள்ளி பின்தங்கி இரண்டாவதாக வந்தவர் ஸிலார்ட் குன் என்ற பதினேழு வயதுச் சிறுவர். தகாச்சின் பயிற்சியில் வளர்ந்தவர். தன்னை வெல்லக்கூடிய அளவுக்கு ஒருவனை ஆளாக்கி, அவனுடனேயே களத்தில் நிற்பது எல்லா ஆசான்களுக்கும் இயலாத செயல். 1956-இல் மெல்போர்ன் பந்தயத்திலும் தகாச் கலந்துகொண்டார். அங்கே பதக்கம் கிடைக்கவில்லை. அதிகாரியல்லர் என்று ஒதுக்கப்பட்டவர் லெப்டினண்ட் கர்னலாக ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றார். 1976-ஆம் வருஷம் ஜனவரி மாதம் 5-ந் தேதி காலமானார்.

அவருக்குப் பின் போட்டியின் கருவியும் மாறியது. 2004-இல் ஏதென்ஸ் ஒலிம்பிக் முடிந்த பின், 2005 முதல், குறுந்தோட்டா விலக்கப்பட்டு, எங்கும் கிடைக்கும் லாங் ரைபிள் தோட்டாவே விதிக்கப்பட்டது. விசையும் 1,000 கிராமுக்குக் குறைந்த அழுத்தத்துக்கு இணங்கலாகாது என்று ஏற்பட்டது. அரிய கருவியைத் தேடிப் பெறுவதில் இருந்த அனுகூலம் இதனால் பெரிதும் குறைந்தது. இம்மாறுதலுக்குப் பின், தகாச் வென்ற அதே லண்டனில், 2012-இல், அதே போட்டியில் வெள்ளிப் பதக்கம் பெற்றவர் நமது ராணுவத்தின் விஜய குமார். அன்று அவருடைய பதவி சுபேதார். 1936-ஆம் வருஷத்து ஹங்கேரியின் விதி நம்மிடம் இருந்திருந்தால் அவரும் வீட்டில் நின்றிருப்பார் என்பதைக் கவனிக்க வேண்டும்.

பொதுக் காரியங்களில் ஈடுபடுவோர் இச்சரித்திரத்திலிருந்து கொள்ளத்தக்கவை இரண்டு. கருவியைத் தேரும்போது பருமனையும் ஆரவாரத்தையும் பாராமல், செய்ய வேண்டிய வேலைக்கும் செய்யும் கைக்கும் பொருந்துவதைத் தேர வேண்டும். அது ஊரார் மறந்த சிறு தோட்டாவாயினும் குற்றமில்லை. ஆளைத் தேரும்போதோ, அவன் எந்தப் படியில் நிற்கிறான் என்று பாராமல் அவன் குறி எங்கே படுகிறது என்று பார்க்க வேண்டும். நம் சங்கங்களிலும் சபைகளிலும் எத்தனை தகாச்சுகள் ஸார்ஜண்ட் என்ற காரணத்தால் வாசலில் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு தலைவரும் எண்ணிப் பார்ப்பாராக. எல்லா ஸார்ஜண்டுகளும் பன்னிரண்டு வருஷம் காத்திருக்க மாட்டார்கள்.