கிரீட் தீவில் ஒரு நாள்: சர் ஆர்தர் எவான்ஸ்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன், போன செப்டம்பரில் எங்கள் இருவரையும் கிரேக்க நாட்டின் கிரீட் தீவுக்கு ஒரு வாரம் அழைத்துப் போனான். திரும்பி வந்த பிறகு லிஃப்டில் பார்த்தவர்கள் எல்லோரும் கடல் எப்படி, சாப்பாடு எப்படி என்றுதான் கேட்டார்கள். கடல் நன்றாகவே இருந்தது. தயிர், தேன், ஆலிவ், ரொட்டி இருக்கிறவரை சைவக்காரர்களுக்கு அங்கே பயமில்லை. ஆனால் நம் இதழுக்கு நான் எழுத நினைத்தது, இறந்து எண்பது வருடங்களுக்கு மேல் ஆகிவிட்ட ஒரு மனிதரைப் பற்றி. அந்தத் தீவில் ஒரு நாள் சுற்றுலாப் பேருந்தில் ஏறுகிறவர்களில் பெரும்பாலோர் அவர் எழுப்பிய தூண்களுக்கு நடுவேதான் நடந்துவிட்டு வருகிறார்கள்.

நாங்கள் தங்கியிருந்த ஹோட்டல், தலைநகர் ஹெராக்லியோனுக்குச் சற்றுக் கிழக்கே கடற்கரையில் இருந்தது. வரவேற்பறையில் ஒரு மேஜை போட்டு, தினமும் ஒரு பெண் சுற்றுலாச் சீட்டு விற்பார். சமாரியா பள்ளத்தாக்கில் 16 கிலோமீட்டர் நடை என்றார். என் மனைவியின் முழங்காலை நினைத்து அதை விட்டோம். தொழுநோயாளிகளை 1957 வரை ஒதுக்கி வைத்திருந்த ஸ்பினலோங்கா என்ற குட்டித் தீவுக்குப் படகில் போகலாம் என்றார். அதற்கு மனம் வரவில்லை. கடைசியில் மூன்றாவதற்குப் பணம் கட்டினோம். காலையில் க்னோசோஸ் அரண்மனை, பிறகு ஹெராக்லியோன் அருங்காட்சியகம், மாலைக்குள் ஹோட்டல்.

ஆளுக்கொரு காதுக்கருவி கொடுத்தார்கள். வழிகாட்டி அம்மாள் மடக்கிய குடையை உயரப் பிடித்துக்கொண்டு முன்னால் போனார். உள்ளே நுழைந்ததும் அவர் காட்டியது அரண்மனையை அல்ல, ஒரு மார்பளவுச் சிலையை. அவர்தான் ஆர்தர் எவான்ஸ்.

1851 ஜூலை 8ஆம் தேதி இங்கிலாந்தில் ஹெர்ட்ஃபோர்ட்ஷயரில் பிறந்தவர். அப்பா ஜான் எவான்ஸ் காகித ஆலை நடத்தியவர்; பழங்கால நாணயங்களிலும் கல் ஆயுதங்களிலும் பெரிய அறிஞர். ஆறு வயதிலேயே ஆர்தருக்குத் தாய் இல்லை. ஆள் குள்ளம். கண் கிட்டப்பார்வை, எட்ட இருப்பது எதுவும் தெளிவாகத் தெரியாது. ப்ராட்ஜர் என்று பெயர் வைத்து ஒரு கைத்தடியை எங்கே போனாலும் கூடவே கொண்டுபோவார். ஆனால் கண்ணுக்கு மிக அருகில் பிடித்துப் பார்த்தால் மற்றவர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்ப்பதெல்லாம் அவருக்கு வெறும் கண்ணுக்கே தெரியும். அந்தக் குறைதான் பின்னால் அவரைக் கிரீட்டுக்கு இழுத்துவந்தது.

ஆக்ஸ்ஃபோர்டில் சரித்திரம் படித்தார். பிறகு பால்கன் நாடுகளில் சுற்றி, மான்செஸ்டர் கார்டியன் பத்திரிகைக்குச் செய்தி எழுதினார். 1878இல் சரித்திர ஆசிரியர் ஃப்ரீமனின் மகள் மார்கரெட்டை மணந்து, இன்று டுப்ரோவ்னிக் எனப்படும் ஊரில் குடித்தனம் போட்டார். ஆஸ்திரிய ஆட்சிக்கு எதிராகக் கிளர்ந்த மக்களுக்கு ஆதரவாக எழுதியதற்கு 1882இல் அவரைப் பிடித்துச் சில வாரங்கள் சிறையில் வைத்து, பிறகு நாட்டைவிட்டே அனுப்பிவிட்டார்கள். 1884இல் ஆக்ஸ்ஃபோர்டின் ஆஷ்மோலியன் அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாளர் ஆனார். உத்தியோகம் கிடைத்தது, வீட்டில் இழப்பு வந்தது. 1893இல் மார்கரெட் இறந்துபோனார். பதினைந்து வருட வாழ்க்கை, குழந்தை இல்லை. அதற்குப் பிறகு அவருக்கு நாற்பத்தெட்டு வருட ஆயுள் இருந்தது. மறுமணம் செய்யவில்லை. கறுப்புக் கரையிட்ட தாளில்தான் கடிதம் எழுதினார்.

ஏதென்ஸ் கடைகளில் அவர் சின்னச் சின்ன முத்திரைக் கற்களைப் பார்த்திருந்தார். நகத்தளவு கல்லில் ஏதோ எழுத்துப் போன்ற குறிகள். அந்தக் கிட்டப்பார்வைக் கண்ணுக்கு அவை அலங்காரமாகப் படவில்லை, எழுத்தாகவே பட்டன. கிரீட்டிலிருந்து வந்தவை என்று விற்றவர்கள் சொன்னார்கள். 1894இல் தீவுக்குப் போனார். அங்கே கிராமத்துப் பெண்கள் அந்தக் கற்களைக் கழுத்தில் கட்டியிருந்தார்கள். பால் கல் என்று அதற்குப் பெயர். கட்டினால் தாய்ப்பால் குறையாது என்று நம்பிக்கை. பிள்ளைக்குப் பால் கொடுக்கிற தாய் அதை எந்த விலைக்கும் தரமாட்டாள். அப்படிப்பட்ட இடங்களில் அவர் கல்லின் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டு வந்தார்.

இங்கே இன்னொருவரைச் சொல்லியாக வேண்டும். எவான்ஸ் வருவதற்குப் பதினாறு வருடங்களுக்கு முன்பே, 1878இல், ஹெராக்லியோன்காரரான மினோஸ் கலோகைரினோஸ் க்னோசோஸ் மேட்டைத் தோண்டி, ஆளுயரத் தாழிகள் வரிசையாக நின்ற கிடங்குகளைக் கண்டுபிடித்துவிட்டார். அப்போது தீவு துருக்கி சுல்தானின் ஆட்சியில் இருந்தது. கிடைப்பதெல்லாம் கான்ஸ்டான்டினோபிளுக்குப் போய்விடும் என்று பயந்து உள்ளூர்ச் சபையே தோண்டலை நிறுத்தச் சொன்னது. ட்ராய் நகரத்தைத் தோண்டிப் புகழ்பெற்ற ஷ்லீமன் வந்து நிலத்துக்கு விலை பேசினார், பேரம் படியவில்லை. 1898 கலவரத்தில் கலோகைரினோஸின் வீடு எரிந்தது. சேர்த்து வைத்த பொருட்களும் தோண்டல் குறிப்புகளும் அதோடு போயின. எங்கள் காதுக்கருவியில் அவருக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாக்கியம். நான் அதைக் கவனித்தேன். வழி செய்தவர் பெயர் கோப்பில் இருக்காது, கையெழுத்துப் போட்டவர் பெயர் இருக்கும். வங்கியில் முப்பத்தைந்து வருடம் இதைப் பார்த்தவன் நான்.

எவான்ஸ் பொறுமையும் பணமும் உள்ளவர். முதலில் மேட்டில் ஒரு பங்கை வாங்கினார். தீவு துருக்கியிடமிருந்து தன்னாட்சி பெற்றபின் மீதியையும் வாங்கிவிட்டார். 1900 மார்ச் 23ஆம் தேதி மண்வெட்டி விழுந்தது. அப்போது அவருக்கு வயது 48. கலவரத்தில் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்ட கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் சேர்த்தே வேலைக்கு வைத்தார். டங்கன் மெக்கன்சி என்ற ஸ்காட்லாந்துக்காரர் தினமும் நாட்குறிப்பு எழுதினார். ஒரு வாரத்துக்குள் எழுத்துப் பொறித்த களிமண் பலகை கிடைத்தது. ஏப்ரல் நடுவில், சுவரோடு ஒட்டி அப்படியே நின்ற ஒரு கல் சிம்மாசனம். கிரேக்கக் கதையில் வரும் மினோஸ் மன்னனின் அரண்மனை இதுதான் என்று அவர் முடிவு கட்டினார். அந்த மக்களுக்கு மினோவர் என்ற பெயர் நிலைத்தது அவரால்தான். கிரேக்கர்களுக்கும் முந்தைய ஒரு பெரிய நாகரிகம் ஐரோப்பாவில் இருந்ததை உலகம் அப்போதுதான் அறிந்தது. 1911இல் சர் பட்டம் வந்தது.

அடுத்ததைச் சொன்னால் நம் ஏ பிளாக், பி பிளாக் எல்லோருக்கும் புரியும். தோண்டிய இடத்தில் மாடிப்படி இருந்தது. அதைத் தாங்கிய மரத்தூண்கள் எப்போதோ எரிந்தும் மக்கியும் போயிருந்தன. தாங்கு கொடுக்காவிட்டால் எல்லாம் இடிந்து விழும். முதலில் மரம் வைத்துப் பார்த்தார். கிரீட் மழையில் இற்றுப்போனது. பிறகு இரும்பு உத்திரம் வைத்தார். 1920களில் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு மாறினார். 1908இல் அப்பா இறந்து பெரிய சொத்து வந்திருந்ததால் கையைக் கட்டிச் செலவு செய்ய வேண்டிய நிலை இல்லை. தாங்கு கொடுப்பதில் தொடங்கியது, மாடி எழுப்புவதில் போய் நின்றது. மேலே அகலமாகவும் கீழே ஒடுங்கியும் இருக்கும் சிவப்புத் தூண்களோடு எல்லோரும் படம் எடுத்துக்கொள்கிறார்களே, அவற்றில் பல அவர் ஊற்றியவை. இப்போது அந்தக் கான்கிரீட்டே விரிசல் விட்டுக் கம்பி துருப்பிடித்து, அதைக் காப்பாற்றுவது தனி வேலையாகிவிட்டது. நம் மொட்டைமாடி ஒழுகலுக்கு மூன்று பொதுக்குழுக் கூட்டம் போட்டவர்கள் என்பதால் எனக்கு அவர்கள்மேல் அனுதாபமே வந்தது.

சுவர் ஓவியங்களிலும் இதே கதைதான். உள்ளங்கையளவு துண்டுகள் கிடைத்தன. ஸ்விட்சர்லாந்து ஓவியர் ஜில்லியேரோனும் அவர் மகனும் மீதியை நிரப்பினார்கள். குங்குமப்பூ பறிக்கும் நீலச் சிறுவன் என்று ஒரு படத்தை முழுமையாக்கினார்கள். பிற்பாடு வேறு ஆய்வாளர்கள் துண்டுகளைக் கூர்ந்து பார்த்தபோது சிறுவனுக்கு வால் இருந்தது தெரியவந்தது. அது குரங்கு. தோண்டும் இடத்தில் இருப்பவை நகல்கள். அசல் துண்டுகள் அருங்காட்சியகத்தில். அங்கே கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தால் எது பழைய துண்டு, எது புதுப் பூச்சு என்று தெளிவாகத் தெரிகிறது. போகிறவர்கள் அரண்மனையோடு நிறுத்திவிடாமல் அருங்காட்சியகத்தையும் சேர்த்தே பாருங்கள் என்று சொல்வது இதனால்தான். காலை வெயிலுக்கு முன் போங்கள். தொப்பியும் தண்ணீரும் மறக்க வேண்டாம்.

இதற்காக அவரை ஏமாற்றுக்காரர் என்று சொல்ல எனக்கு மனமில்லை. அவர் எழுப்பாவிட்டால் என்னைப் போன்ற பாமரன் முழங்கால் உயரக் கற்குவியலைப் பார்த்துவிட்டு வந்திருப்பேன். ஆனால் எந்தச் சுவர் அவருடையது என்று யாராவது சொல்ல வேண்டும். எங்கள் வழிகாட்டி அம்மாள் சொன்னார். குடை நுனியால் கோடுபோல் காட்டினார். அந்தக் கட்டணத்தில் எனக்கு வருத்தமே இல்லை.

என் மனதில் தங்கியது வேறு. அவர் கிரீட்டுக்கு வந்ததே எழுத்தைத் தேடித்தான். ஆயிரக்கணக்கில் பலகைகளும் துண்டுகளும் கிடைத்தன. இரண்டு வகை எழுத்து என்று பிரித்தார். வரிவடிவம் ஏ, வரிவடிவம் பி என்று இன்றும் அப்படித்தான் அழைக்கிறார்கள். எண்களைச் சரியாகப் புரிந்துகொண்டார்: ஒன்றுக்கு ஒரு நிமிர்ந்த கோடு, பத்துக்குப் படுத்த கோடு, நூற்றுக்கு வட்டம். இவை சரக்குப் பட்டியல்கள் என்பதும் தெரிந்தது. மொழிதான் தெரியவில்லை. அது கிரேக்கமாக இருக்கவே முடியாது என்று உறுதியாக இருந்தார். குதிரைத் தலை வரைந்த ஒரு பலகையில், சைப்ரஸ் எழுத்தின் உதவியால் ஒரு சொல்லைப் படித்தால் போலோ என்று வந்தது. கிரேக்கத்தில் போலோஸ் என்றால் குதிரைக்குட்டி. அவர் அதைக் கவனித்தும், தற்செயல் என்று தள்ளிவிட்டார். க்னோசோஸை ஒரு காலத்தில் கிரேக்க நிலப்பகுதிக்காரர்கள் ஆண்டிருக்கலாம் என்று ஏலன் வேஸ் என்ற ஆய்வாளர் சொன்னபோதும் ஏற்கவில்லை. எல்லாவற்றையும்விட, பலகைகளில் பெரும்பங்கை அவர் அச்சிடவே இல்லை. தானே படித்துவிட்டு வெளியிடலாம் என்று வைத்திருந்தார். 1921 முதல் 1935 வரை அரண்மனையைப் பற்றி நான்கு பெரும் தொகுதிகள் எழுதினார். பலகைகள் அலமாரியிலேயே இருந்தன.

1936இல் லண்டனில் ஒரு கண்காட்சி. எண்பத்தைந்து வயது எவான்ஸ் அங்கே இருந்தார். பள்ளியிலிருந்து வந்திருந்த மைக்கேல் வென்ட்ரிஸ் என்ற பதினான்கு வயதுப் பையன், இந்தப் பலகைகளை இன்னும் யாரும் படிக்கவில்லை என்று அங்கே தெரிந்துகொண்டான்.

1941 மே மாதம் ஜெர்மன் வீரர்கள் பாராசூட்டில் கிரீட்டில் இறங்கினார்கள். க்னோசோஸுக்குப் பொறுப்பாளராக இருந்த பெண்டில்பரி கொல்லப்பட்டார். எவான்ஸ் 1906இல் தனக்குக் கட்டிக்கொண்ட வில்லா அரியாட்னே என்ற வீட்டில் ஜெர்மன் தளபதிகள் குடியேறினார்கள். ஜூலையில் தொண்ணூறு வயது நிறைந்து மூன்றாம் நாள், 11ஆம் தேதி, எவான்ஸ் ஆக்ஸ்ஃபோர்டு அருகே தன் வீட்டில் இறந்தார். பலகைகள் படிக்கப்படவில்லை.

அந்தப் பையன் கட்டடக் கலைஞரானார். அமெரிக்காவில் ஆலிஸ் கோபர் என்ற பேராசிரியை, சொற்களின் விகுதிகள் எப்படி மாறுகின்றன என்று வருடக்கணக்கில் குறிப்பட்டை போட்டு வழி திறந்துவைத்துவிட்டு 1950இல் இறந்திருந்தார். கிரேக்க நிலப்பகுதியில் பைலோஸில் 1939இல் கிடைத்த பலகைகள் 1951இல் அச்சில் வந்தன. க்னோசோஸ் பலகைகளில் மட்டும் வந்து பைலோஸில் வராத சில சொற்கள் ஊர்ப் பெயர்களாக இருக்கலாம் என்று வென்ட்ரிஸ் ஊகித்தார். ஒன்று க்னோசோஸ், இன்னொன்று அதன் துறைமுகமான அம்னிசோஸ். பூட்டுத் திறந்தது. 1952இல் அறிவித்தார்: மொழி கிரேக்கம்தான். நான்கு வருடம் கழித்து, முப்பத்துநான்கு வயதில், கார் விபத்தில் போய்விட்டார்.

பலகைகளில் இருந்தது என்ன தெரியுமா? பேரேடு! மேய்ப்பன் பெயர், ஊர், கிடாய் இத்தனை, பெட்டை இத்தனை. குறைகிற ஆடுகளுக்கு முன்னால் பாக்கி என்று ஒரு குறி. கடைசியில் மொத்தம். தீவில் சுமார் ஒரு லட்சம் ஆடுகளுக்குக் கணக்கு வைத்திருக்கிறார்கள். சுடாத களிமண்ணில் எழுதி, அந்த வருடம் முடிந்ததும் கரைத்துவிடுவது வழக்கமாம். அரண்மனை தீப்பிடித்ததால் கடைசி வருடக் கணக்கு மட்டும் வெந்து மிஞ்சியது. அதில் கதை இல்லை, பாட்டு இல்லை, மினோஸ் மன்னனும் இல்லை. எழுதியவன் ஒரு குமாஸ்தா.

அருங்காட்சியகத்தில் அந்தக் கண்ணாடிப் பெட்டிமுன் நான் நின்றுவிட்டேன். உள்ளங்கையில் அடங்கும் பலகை. வரி பிறழாமல், கோடு போட்டு, இடைவெளி விட்டு எழுதியிருக்கிறான். மனைவி வந்து கையைப் பிடித்து இழுத்தாள். குடை ஏற்கெனவே வாசலைத் தாண்டிவிட்டது.

பேருந்து கடற்கரைச் சாலையில் திரும்பியது. ஹோட்டலுக்குச் சற்று முன்னால் ஒரு பெயர்ப்பலகை வந்தது. நான்கு நாளாகத் தினமும் பார்த்த பலகைதான். கிரேக்க எழுத்துக்கு அடியில் ஆங்கிலத்திலும் எழுதியிருந்தார்கள். அன்றைக்குத்தான் படித்தேன். அம்னிசோஸ்.