ஏழைபங்காளர் ஆண்ட்ரூஸ்

தீனபந்து என்னும் பெயரைக் கேட்டவுடன் வடநாட்டுத் துறவி ஒருவரின் உருவம் நம் மனக்கண்ணில் தோன்றக்கூடும். ஆனால் அப்பெயரால் மக்கள் அழைத்தது ஓர் ஆங்கிலேயப் பாதிரியாரை. சார்லஸ் ஃபிரியர் ஆண்ட்ரூஸ் 1871 பிப்ரவரி 12-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜில் கற்றார், குருப்பட்டம் பெற்றார், தென் இலண்டனில் ஏழை மக்கள் வாழ்ந்த பகுதியில் இறைப்பணி செய்தார். 1904-இல் டில்லி செயிண்ட் ஸ்டீபன் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார்.

1906-இல் அக்கல்லூரியின் முதல்வர் பதவி காலியாயிற்று. ஆளும் இனத்தவரான ஆண்ட்ரூஸ் கையை நீட்டியிருந்தால் அந்த நாற்காலி அவருக்கே கிடைத்திருக்கும். அவரோ, இருபது ஆண்டுகளாக அங்கே பாடம் சொல்லி வந்த சுசீல் குமார் ருத்ராவே முதல்வராக வேண்டும் என்று வற்புறுத்தினார். அவ்வாறே ருத்ரா அக்கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். ஓர் இந்தியருக்குக் கீழே ஆங்கிலேயர் வேலை பார்ப்பதா என்று முகம் சுளித்த காலம் அது. பதவிக்காக நண்பர்கள் பகைவராவதைத் தேர்தல்தோறும் பார்க்கின்ற நமக்கு இது சற்று வியப்பாகத்தான் இருக்கிறது.

1914 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் நண்பர் பியர்சனுடன் இறங்கினார். காந்தியடிகளைக் கண்டதும் குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். வெள்ளையர் கொதித்தெழுந்தனர். ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாத கூலிகள்மீது விதிக்கப்பட்ட 3 பவுன் தலைவரியை எதிர்த்து நடந்த போராட்டக் காலம் அது. தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும் அப்போராட்டத்தில்தான். காந்தியடிகளுக்கும் ஸ்மட்ஸுக்கும் இடையே நின்று உடன்பாட்டுக்கு வழிகோலியவர்களுள் ஆண்ட்ரூஸும் ஒருவர். அவ்வாண்டே தலைவரி ஒழிந்தது. இந்தப் பணியில் அவர் இருந்தபோதுதான் இங்கிலாந்தில் அவருடைய அன்னையார் காலமானார்.

திரும்பி வந்தவர் குருத்துவப் பணியை விட்டு விலகினார். சமயக் கோட்பாடுகள் சிலவற்றை மனமொப்பி ஓத அவரால் இயலவில்லை. கிறிஸ்துவை மட்டும் அவர் விடவில்லை. தாகூரின் சாந்திநிகேதனம் சென்று மீண்டும் ஆசிரியரானார்.

அவர் செய்தவற்றுள் என் நெஞ்சைத் தொட்டது பிஜித் தீவுப் பயணமே. அங்குள்ள கரும்புத் தோட்டங்களில் நம் பெண்கள் பட்ட பாட்டைப் பாரதியார் பாடியிருப்பதை நாம் அறிவோம். 1879 முதல் 1916 வரை ஏறக்குறைய 60,000 பேர் அங்கே கப்பலேற்றப்பட்டனர். 1903 முதல் சென்னையிலிருந்தும் கப்பல்கள் சென்றன. ஐந்தாண்டு ஒப்பந்தம். முழு வேலை முடித்தால் ஆணுக்கு நாளொன்றுக்கு 12 பென்ஸ், பெண்ணுக்கு 9 பென்ஸ் கூலி. 10 அடிக்கு 7 அடி அறையில் ஆண்கள் மூவர் அல்லது ஒரு குடும்பம். நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்கள் இருந்தால் போதும் என்பது விதி. அந்த விதியால் விளைந்த கொலைகளும் தற்கொலைகளும் கொஞ்சமல்ல. ஒப்பந்தம் முடிந்தாலும் இலவசக் கப்பலில் ஊர் திரும்ப மேலும் ஐந்தாண்டுகள் காத்திருக்க வேண்டும்.

1915-இல் ஆண்ட்ரூஸும் பியர்சனும் அங்கே சென்று, கூலிகளின் குடியிருப்புகளில் நுழைந்து, அவர்கள் வாய்மொழியாகவே கேட்டறிந்து அறிக்கை எழுதினர். அதில் ஒரு செய்தி: வேலைக்கு வராவிட்டால் சிறைத்தண்டனை உண்டு என்பது கூலிகள் கைநாட்டு வைத்த ஒப்பந்தத் தாளில் சொல்லப்படவே இல்லை!

என் தந்தையாரும் கைநாட்டு வைப்பவர்தாம். இக்கல்லூரியில் என்னைச் சேர்த்த அன்று விண்ணப்பத்தில் பெருவிரலை வைக்குமுன், இதில் என்ன எழுதியிருக்கிறது, முழுவதும் படி என்று என்னைக் கேட்டார். வரிசையில் நின்றவர்கள் பொறுமை இழந்தனர், அவர் அசையவில்லை. நானும் கடைசி வரி வரை படித்துக் காட்டினேன். தரகரின் பேச்சை நம்பிச் சென்னையில் கப்பலேறியவர்களுக்குப் படித்துச் சொல்ல யார் இருந்தார்கள்? இருந்தாலும்தான் என்ன, சிறை என்ற சொல் அந்தத் தாளில் இல்லையே!

அறிக்கை வெளியானதும் நாடு கொந்தளித்தது. 1916 மார்ச்சில் மாளவியா சட்டசபையில் கொண்டுவந்த தீர்மானத்தை வைசிராய் ஹார்டிஞ்ச் ஏற்றார். 1917-இல் ஆள் சேர்ப்பது நின்றது. எஞ்சியவர்களின் நிலை காண ஆண்ட்ரூஸ் அவ்வாண்டே மீண்டும் பிஜி சென்றார். 1920 ஜனவரி முதல் நாள் மீதமிருந்த ஒப்பந்தங்கள் யாவும் ரத்தாயின.

பின்னர் 1921-இல் சாந்த்பூரில் அசாம் தேயிலைத் தொழிலாளர் தாக்கப்பட்டபோதும் அங்கே ஓடினார். அகில இந்தியத் தொழிற்சங்கக் காங்கிரசுக்கு இருமுறை தலைமை தாங்கினார். 1940 ஏப்ரல் 5-இல் கல்கத்தாவில் காலமானார். பிறந்த நாட்டுக்கு அவர் உடல் செல்லவில்லை. கல்கத்தா லோயர் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில் இருக்கிறது.