புயலின் வழி கண்ட மாலுமி

2022ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் இரவு, மாண்டஸ் புயல் மாமல்லபுரத்தின் அருகே கரையைக் கடக்கத் தொடங்கியது. செங்கற்பட்டு மாவட்டக் கடற்கரையைத் தாண்டி உள்நாட்டிற் புகுந்ததும் அது வலி குன்றிற்று. வெப்பக் கடல் தரும் நீராவியே புயலுக்கு உணவு. நிலத்தில் அவ்வுணவு குறைகிறது. ஆயினும் சுழற்சியும் ஈரமும் ஓரளவு எஞ்சுவதுண்டு. மாண்டஸின் எச்சம் தீபகற்பத்தைக் கடந்து அரபிக்கடலை அடைந்தது. சில நாட்களில் அங்கே புதியதொரு காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் தோன்றிற்று.

இவ்வாறு புயலின் வழியைத் தொடர்ந்து ஆராயும் முறைக்கு நம் நாட்டில் அடிகோலியவர்களுள் ஒருவர் ஹென்றி பிடிங்டன். அவர் 1797இல் இங்கிலாந்தில் பிறந்தார். வணிகக் கப்பல் தலைவராக விளங்கிப் பின்னர்க் கல்கத்தாவில் குடியேறினார். 1838இல் வில்லியம் ரீடு என்பார் புயல்களைப் பற்றி வெளியிட்ட நூல் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது. அன்று முதல் அவர் கப்பல்களின் நாட்குறிப்புகளை அயராது திரட்டினார். எக்கப்பல் எங்கிருந்தது, காற்று எத்திசையில் வீசியது, பாரமானி எவ்வளவு இறங்கியது என்பவற்றை ஒப்புநோக்கினார். ஒரு கப்பல் புயலின் ஒரு பகுதியையே காணும். பல கப்பல்களின் குறிப்புகள் ஒன்று சேர்ந்தபோதோ, புயலின் முழு வடிவமும் அது சென்ற வழியும் புலனாயின.

பாம்பு சுருண்டாற்போலச் சுழலும் அக்காற்றுக்கு, அவர் கிரேக்கச் சொல்லிலிருந்து ‘சைக்கிளோன்’ என்னும் பெயரை ஆக்கினார். 1848இல் மாலுமிகளுக்கெனக் கைந்நூல் ஒன்றை வெளியிட்டார். அதனுடன் காற்றின் திசைகள் குறித்த, ஒளி ஊடுருவும் கொம்புத் தகடுகளும் இருந்தன. அவற்றைக் கடற்படத்தின் மீது வைத்துப் புயலின் மையத்தை அறிந்து, மாலுமிகள் விலகிச் செல்லலாம்.

பின்னர் அரசினர் மாத்லா ஆற்றங்கரையில் புதிய துறைமுகம் ஒன்றை அமைக்கக் கருதினர். புயலால் பொங்கியெழும் கடல் அதனை அழித்துவிடும் என்று பிடிங்டன் 1853இல் கவர்னர் ஜெனரல் டல்ஹௌசிப் பிரபுவுக்கு எழுதினார். அவ்வெச்சரிக்கை ஏற்கப்படவில்லை, துறைமுகம் எழுந்தது. பிடிங்டன் 1858இல் கல்கத்தாவில் காலமானார். 1867ஆம் ஆண்டு வீசிய புயல் அத்துறைமுகத்தைச் சிதைத்தது. அவர் சொல் மெய்யாயிற்று. அதனைக் காண அவர் இல்லை.

அன்று கப்பற்குறிப்புகள் ஆற்றிய பணியை இன்று செயற்கைக்கோள்களும் ராடார்களும் விரைந்து ஆற்றுகின்றன. மாமல்லபுரத்தில் கரையேறிய புயலின் எச்சத்தை அரபிக்கடல் வரை அவை தொடர்ந்து காண்கின்றன. கீழைக்கரையில் காற்று ஓய்ந்தாலும் மேலைக்கடல் மீனவர் விழிப்புடன் இருத்தல் வேண்டும். அறிந்தோர் கூறும் எச்சரிக்கையை உரிய காலத்தில் ஏற்பதே உயிர்களைக் காக்கும் வழியாகும்.