துருப்பிடிக்காத கொடை

சாத்தான்குளத்திலிருந்து திருச்செந்தூர் வழியாகத் தூத்துக்குடிக்குப் பேருந்தில் செல்லும் நாம் ஆறுமுகநேரிப் பக்கம் வெயிலில் மின்னும் உப்பளங்களைப் பார்க்கிறோம். சற்றுத் தள்ளிச் சாகுபுரத்தில், உப்பிலிருந்து காஸ்டிக் சோடா தயாரிக்கும் தொழிற்சாலையையும் பார்க்கிறோம். உப்புக் கரைசலில் மின்சாரத்தைச் செலுத்தினால் நேர்மின்வாயில் குளோரினும் எதிர்மின்வாயில் ஹைட்ரஜனும் வெளிப்படும். கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடு மிஞ்சும். இது பள்ளியிலேயே நாம் படித்த பாடம்தான். ஆனால் இந்த ஒரு துறைக்கென்றே ஒரு தேசிய ஆய்வுக்கூடம் நம் தமிழ்நாட்டில், அதுவும் மழை குறைந்த செட்டிநாட்டுச் சீமையில் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதை அங்கே வரவழைத்தவர் வேதியியல் படித்தவர் அல்லர். ஆங்கில இலக்கியம் படித்தவர். அவர்தாம் வள்ளல் அழகப்பச் செட்டியார்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரில் 1909 ஏப்ரல் 6-ஆம் நாள் அழகப்பர் பிறந்தார். சென்னை மாநிலக் கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தில் எம்.ஏ. பட்டம் பெற்றார். வட்டித் தொழிலும் வணிகமும் குலத்தொழிலாக இருந்த நகரத்தார் சமூகத்தில் இப்பட்டம் பெற்ற முதல் மனிதர் அவரே என்பர். பின்னர் இலண்டன் சென்று பாரிஸ்டரானார். அங்கே விமானம் ஓட்டவும் கற்றுக்கொண்டார். வானத்தையே அளக்க எண்ணிய அந்த இளைஞரைக் கொடிய நோய் ஒன்று பற்றிக்கொண்டது. அதுதான் தொழுநோய்.

இன்று தொழுநோய் முற்றிலும் குணமாகக்கூடியது. 1981-இல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்த கூட்டு மருந்துச் சிகிச்சை அந்த அச்சத்தைப் போக்கிவிட்டது. அழகப்பரின் இளமைக் காலத்தில் நிலைமை அப்படியன்று. நோயின் வேதனை ஒருபுறம் என்றால், மனிதர் விலகி நிற்பதன் வேதனை மறுபுறம். இந்நிலையில் ஒருவர் உலகத்தை வெறுத்து ஒதுங்கியிருந்தால் யார் குறை சொல்ல முடியும்? அழகப்பரோ அயராது உழைத்தார். கேரளத்தில் நூற்பாலை நிறுவினார். பல தொழில்களில் இறங்கினார். விமான நிறுவனம் ஒன்றும் நடத்தினார். ஈட்டிய செல்வத்தைக் கல்விக்கென்று வாரி வழங்கினார்.

1944-இல் சென்னைப் பல்கலைக்கழகம் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்றைத் தொடங்க அவர் ஐந்து இலட்சம் ரூபாய் கொடுத்தார். அப்போது துணைவேந்தராக விளங்கியவர் டாக்டர் ஆ. இலட்சுமணசாமி முதலியார். கிண்டியில் எழுந்த அந்த அழகப்பச் செட்டியார் தொழில்நுட்பக் கல்லூரி வேதிப் பொறியியல், துணித் தொழில்நுட்பம், தோல் தொழில்நுட்பம் ஆகிய துறைகளைத் தமிழ்நாட்டில் வளர்த்தது. 1978 முதல் அது அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாக இருக்கிறது. வேதியியலுக்கும் பொறியியலுக்கும் இடையே பாலமாக நிற்பது வேதிப் பொறியியல். சோதனைக் குழாயில் ஒரு கிராம் அளவில் நடக்கும் வினையைத் தொழிற்சாலையில் டன் கணக்கில் நடத்துவது எப்படி என்று சொல்லித்தரும் கல்வி அது. நாடு விடுதலை பெறும் முன்பே இதன் தேவையை ஓர் இலக்கிய மாணவர் உணர்ந்தார் என்பது வியப்பன்றோ!

1947-இல் அன்னி பெசன்ட் அம்மையாரின் நூற்றாண்டு விழாவில், சென்னைக்கு வெளியேயும் கல்லூரிகள் தோன்றச் செல்வர்கள் முன்வர வேண்டும் என்று துணைவேந்தர் வேண்டினார். கூட்டத்திலேயே எழுந்து அழகப்பர் அதற்கு இசைந்தார். அவ்வாண்டு ஆகஸ்டிலேயே காரைக்குடியில் கலைக் கல்லூரி தொடங்கிவிட்டது. வாக்குக்கும் செயலுக்கும் இடையே சில வாரங்களே கழிந்தன.

அடுத்துச் செய்ததுதான் அனைத்திலும் பெரியது. விடுதலை பெற்ற இந்தியா தேசிய ஆய்வுக்கூடங்களை அமைக்கத் திட்டமிட்ட காலம் அது. டெல்லிக்கும் புனேக்கும் ஆய்வுக்கூடங்கள் சென்றன. மின்வேதியியலுக்கான ஆய்வுக்கூடம் காரைக்குடிக்கு வரட்டும் என்று கேட்ட அழகப்பர், வெறுங்கையோடு கேட்கவில்லை. 300 ஏக்கர் நிலமும் 15 இலட்சம் ரூபாயும் தந்தார். 1948 ஜூலை 25-ஆம் நாள் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14-ஆம் நாள், பொங்கல் திருநாளில், குடியரசுத் துணைத்தலைவர் டாக்டர் இராதாகிருஷ்ணன் மத்திய மின்வேதியியல் ஆய்வு நிறுவனத்தைத் திறந்து வைத்தார்.

அங்கே என்ன செய்கிறார்கள்? முன்பு காஸ்டிக் சோடா ஆலைகளில் நேர்மின்வாயாகக் கிராஃபைட்டைப் பயன்படுத்தினர். குளோரின் வெளிப்படும் இடத்தில் அது நாளடைவில் தேய்ந்துபோகும். தேயத் தேய மின்வாய்களின் இடைவெளி கூடும், மின்செலவும் கூடும். டைட்டானியத்தின்மேல் உலோக ஆக்சைடு பூசிய, எளிதில் தேயாத மின்வாய்களைக் காரைக்குடி அறிவியலாளர்கள் உருவாக்கினார்கள். மின்கலங்கள், மின்முலாம் பூசுதல், உலோக அரிமானம் ஆகியவற்றிலும் அங்கே ஆய்வுகள் நடக்கின்றன. உப்புக் காற்று இரும்பை எப்படி அரிக்கிறது என்பதை மண்டபத்தில் நிலையம் அமைத்து ஆராய்ந்தார்கள். நம் தூத்துக்குடியிலும் அந்நிறுவனத்தின் கடல்சார் ஆய்வு மையம் ஒன்று உண்டு. சன்னல் கம்பி சில ஆண்டுகளிலேயே துருவாக உதிர்வதைப் பார்த்து வளர்ந்த கடற்கரை மக்களுக்கு இந்த ஆய்வின் அருமையை விளக்க வேண்டியதில்லை.

அழகப்பருக்கு ஆங்கில அரசு சர் பட்டம் அளித்தது; விடுதலைக்குப் பின் அதை அவர் துறந்தார். 1956-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது வழங்கியது. தம் கோட்டையூர் இல்லத்தையும் பெண்கள் கல்விக்காக அளித்தார். 1957 ஏப்ரல் 5-ஆம் நாள் மறைந்தார். மறுநாள் விடிந்திருந்தால் அவருக்கு 48 வயது நிறைந்திருக்கும்.

முல்லைக்குத் தேர் ஈந்த பாரியையும் மயிலுக்குப் போர்வை தந்த பேகனையும் நாம் போற்றுகிறோம். அழகப்பரின் கொடை வேறு வகையானது. தாம் பார்க்கப் போகாத தலைமுறைக்கு அவர் கொடுத்தார். என் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். ஊருக்கு அருகே கல்லூரி இல்லாதிருந்தால் என் படிப்பு பன்னிரண்டாம் வகுப்போடு நின்றிருக்கும். ஆகவே சென்னைக்கு வெளியே ஒரு கல்லூரி, தலைநகருக்கு வெளியே ஓர் ஆய்வுக்கூடம் என்று அவர் பிடிவாதமாக நின்றதன் பொருள் எனக்கு விளங்குகிறது.

தம் உடலை நோய் சிறிது சிறிதாக அரிப்பதை அவரால் தடுக்க முடியவில்லை. ஆயினும் இரும்பு அரிக்கப்படாமல் காக்கும் அறிவுக்கு ஓர் இல்லம் அமைத்துக் கொடுத்துவிட்டுச் சென்றார். நண்பர்களே, ஆய்வு என்பது எங்கோ பெருநகரத்தில் பிறருக்கு உரியது என்று நாம் எண்ணிவிடலாகாது. ஆய்வுக்கூடத்தை அவர் நம் பக்கம் கொண்டுவந்து வைத்திருக்கிறார். உப்பு நம் ஊரில் இருக்கிறது. துருவும் நம் ஊரில் இருக்கிறது. இனிக் கேள்வி கேட்க வேண்டியவர்கள் நாம்தாம்.