அண்டை வீட்டாரை அறிந்த ஜேன் ஆடம்ஸ்

பொருளாதார வகுப்பில் ஊதியப் புள்ளிவிவரங்களை விளக்கும்போதெல்லாம் ஜேன் ஆடம்ஸை நினைவுகூர்வேன். 1860-இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் பிறந்த அவர், 1889-இல் தோழி எல்லன் கேட்ஸ் ஸ்டாருடன் சிகாகோவின் தொழிலாளர் குடியிருப்பில் ‘ஹல் ஹவுஸ்’ இல்லத்தைத் தொடங்கினார். இத்தாலியர், கிரேக்கர், ஜெர்மானியர், ரஷ்ய யூதர் எனப் பலரும் அருகருகே அந்நியராய் வாழ்ந்த பகுதி அது.

அவ்வில்லத்தார் 1895-இல் வெளியிட்ட நூலில் இரு வரைபடங்கள் உண்டு. ஒன்று வீடுவாரியாக இனத்தையும், மற்றொன்று வாரக் கூலியையும் வண்ணங்களால் காட்டின. பல மொழி பேசியோரையும் கூலிக்கவலை பிணைத்திருந்ததை அவற்றில் கண்டேன்.

1900-இல் தொடங்கிய தொழில் அருங்காட்சியகத்தில் புலம்பெயர்ந்த பெண்கள் நூல் நூற்றுக் காட்டினர். தாயின் பழைய கோலத்துக்கு நாணிய பிள்ளைகள் அவர் கைத்திறனைக் கண்டு மதிக்கத் தொடங்கினர். 1909-இல் கறுப்பின மக்களின் உரிமைக்கான தேசியச் சங்கம் உருவாகவும் ஆடம்ஸ் துணைநின்றார். 1931-இல் நோபல் அமைதிப் பரிசைப் பகிர்ந்துகொண்டவர், 1935-இல் மறைந்தார்.

அண்டை வீட்டாரின் உழைப்பை அறிந்த பின்னரே அவரோடு மெய்யான உரையாடல் தொடங்கும் என்பதே அவர் வாழ்விலிருந்து நான் பெற்ற பாடம்.