மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை

குடிகள் அறியாத சட்டம் குடிகளைக் காக்குமோ? இவ்வினாவை மனத்திற்கொண்டு உழைத்த பெரியார் ஒருவரின் சரித்திரத்தை நம் அங்கத்தினர்களுக்கும் அவர்தம் குடும்பத்தார்க்கும் சுருக்கமாக எடுத்துரைக்க விரும்புகிறோம்.

வேதநாயகம் பிள்ளை 1826-ம் வருஷம் திருச்சிராப்பள்ளியைச் சார்ந்த குளத்தூரிற் பிறந்தார். தமிழோடு இங்கிலீஷையும் கற்றுத் தேர்ந்து, திருச்சிராப்பள்ளி நியாயஸ்தலத்தில் தஸ்தாவேஜுகளைக் காக்கும் உத்தியோகத்தில் அமர்ந்து, பின்னர் மொழிபெயர்ப்பாளரானார். வழக்காளியின் வாய்மொழி ஒரு பாஷையிலும் தீர்ப்பு வேறொரு பாஷையிலும் நடப்பதனால் விளையும் இடரை உணர்தற்கு அதனினும் தக்க இடம் வேறில்லை. இங்கிலீஷ் அறியாத குடியானவன், தன் நிலம் தன்னை விட்டு நீங்கிய காரணத்தையும் பிறர் சொல்லக் கேட்டே அறியவேண்டியவனாயிருந்தான்.

1857-ம் வருஷம் அவர் முன்சீப் பதவி பெற்றுத் தரங்கம்பாடி, சீர்காழி, மாயூரம் முதலிய ஊர்களில் நீதி செலுத்தினார். அதிகாரம் கைக்கு வந்தபின்னும் அக்குறையை அவர் மறந்தாரல்லர். 1805 முதல் 1861 வரையில் இங்கிலீஷிலிருந்த சதர் கோர்ட்டுத் தீர்ப்புகளைத் தமிழாக்கிச் சித்தாந்த சங்கிரகம் என்னும் நூலாக வெளியிட்டார். முன்னைத் தீர்ப்பே பின்னை வழக்கிற்கு அளவுகோலாதலின், அவ்வளவுகோல் குடிகளின் கண்ணுக்கும் புலப்படல் வேண்டுமென்பது அவர் கொள்கை.

சட்டம் ஒன்றே போதுமென்று அவர் எண்ணினாருமல்லர். 1859-ல் வெளிவந்த நீதிநூல், நல்லொழுக்கத்தை வீட்டிலேயே விதைக்க முயன்றது. 1879-ல் வெளிவந்த பிரதாப முதலியார் சரித்திரத்திலோ, தமிழ் வழங்கும் நாட்டில் தமிழரது வழக்குகளை இங்கிலீஷில் வாதிக்கும் வழக்கத்தை வெளிப்படையாகக் கண்டித்தார். 1889-ம் வருஷம் காலஞ்சென்றார்.

அவர் எழுப்பிய வினா இன்னும் முற்றும் தீர்ந்ததன்று. 1950-ல் அமலுக்கு வந்த நம் அரசியல் சட்டத்தின் 348-ம் பிரிவு, பார்லிமெண்டு வேறு விதிக்குமளவும் உயர் நீதிமன்றங்களின் நடவடிக்கைகள் இங்கிலீஷிலேயே நடைபெறுமென்கிறது. கவர்னர், ஜனாதிபதியின் முன்னனுமதி பெற்று, பிறபாஷையை நடவடிக்கைகளில் அனுமதிக்கலாமெனினும், அப்பிரிவின்படி தீர்ப்புக்கு அச்சலுகை பொருந்தாது.

அரசினர் செய்யத்தக்கது அவ்வாறிருக்க, நாம் செய்யத்தக்கதும் ஒன்றுண்டு. கிரயப்பத்திரமாயினும் பாகப்பத்திரமாயினும், வாசித்துப் பொருளுணராமல் கையொப்பமிடுதல் நம் இல்லங்களில் ஒழிய வேண்டும். பெண்மக்களையும் அருகிருத்தி, ஒவ்வொரு வாசகத்தையும் தெளிவாக விளக்குவித்த பின்னரே கையெழுத்திடுவோமாக. உரிமை இன்னதென்று அறிந்தவனுக்கே சட்டம் துணையாகும். அறியாதவனுக்கு அது பிறர் கைக் கோலேயாகும்.