ஒரே இரவில் பறிபோன 3 உயிர்கள்... வேலூரில் நர்சிங் பள்ளி தொடங்கிய ஐடா ஸ்கடர்: யார் இவர்?

காஞ்சிபுரம் அருகே உள்ள தாமல் ஏரியைத் தாண்டி பெங்களூரு நெடுஞ்சாலையில் மேற்கே போனால், ராணிப்பேட்டையும் அடுத்து வேலூரும் வரும். இந்தப் பக்கத்து மக்களுக்கு வேலூருக்குப் போறோம்னு சொன்னாலே பாதி நேரம் அது சி.எம்.சி ஆஸ்பத்திரியைத்தான் குறிக்கும். அந்த மருத்துவமனையைத் தொடங்கியவர் ஐடா ஸ்கடர். ஆனால் மருத்துவக் கல்லூரிக்கு 9 வருஷம் முன்பே அவர் நர்சிங் பள்ளியைத் தொடங்கிவிட்டார் என்பது பலருக்குத் தெரியாது. ஏன் அப்படி?

அந்த இரவில் நடந்தது என்ன?

1870 டிசம்பர் 9-ம் தேதி ராணிப்பேட்டையில் பிறந்தவர் ஐடா. அப்பா, தாத்தா இருவருமே அமெரிக்காவிலிருந்து வந்த மிஷனரி டாக்டர்கள். ஆனால் ஐடாவுக்கு இந்த வாழ்க்கையே பிடிக்கலை. அமெரிக்காவில் படித்து முடித்து, அங்கேயே குடும்பமாகிவிடணும் என்பதுதான் ஆசை. அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்றுதான் 1890-களின் தொடக்கத்தில் திண்டிவனம் வந்தார்.

அங்கே ஓர் இரவு, மூன்று ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக வீட்டுக் கதவைத் தட்டினார்கள். மூவரின் மனைவிக்கும் பிரசவ வலி, நிலைமை மோசம். டாக்டரான தன் அப்பாவை அழைத்துப் போகச் சொன்னார் ஐடா. ஆண் டாக்டர் பார்க்கக் கூடாது என்று மூன்று பேருமே மறுத்துவிட்டார்கள். ஐடாவுக்கோ வைத்தியம் தெரியாது. விடிவதற்குள் மூன்று பெண்களும் இறந்துபோனார்கள்.

அன்றோடு அவர் முடிவு மாறியது. அமெரிக்கா திரும்பி மருத்துவம் படித்தார். 1899-ல் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். மனைவியின் நினைவாக ஷெல் என்ற நியூயார்க் வங்கியாளர் தந்த 10,000 டாலர் நன்கொடையோடு இந்தியா வந்தார்.

டாக்டர் மட்டும் போதுமா?

1900-ல் வேலூர் வீட்டிலேயே ஒரே ஒரு படுக்கையோடு வைத்தியம் ஆரம்பமானது. அதே வருஷம் அப்பாவும் காலமானார். முதல் ஆபரேஷனில் ஐடாவுக்குக் கை கொடுத்தது, வீட்டில் வேலை பார்த்த பட்லரின் மனைவி. வேறு ஆளே கிடையாது!

1902-ல் 40 படுக்கைகளுடன் ஷெல் நினைவு மருத்துவமனை திறக்கப்பட்டது. கூட்டம் கூடக் கூட ஒரு விஷயம் புரிந்தது. டாக்டர் ஆபரேஷன் பண்ணிவிட்டு நகர்ந்துவிடலாம். அதற்குப் பிறகு புண்ணைச் சுத்தம் செய்வது, காய்ச்சலைக் கவனிப்பது, ராத்திரி முழுக்கக் கண்விழித்திருப்பது யார்? பயிற்சி இல்லாத கை பட்டால், பிழைத்த உயிரும் போய்விடும்.

அதனால் 1909-ல் டெலியா ஹூட்டன் என்ற செவிலியரோடு சேர்ந்து நர்சிங் பள்ளியைத் தொடங்கினார். ரத்தத்தையும் மலத்தையும் தொடும் வேலை, அதுவும் சாதி பார்க்காமல் எல்லோரையும் தொடும் வேலை என்று நர்சிங்கையே தாழ்வாகப் பார்த்த காலம் அது. அதைப் பாடமாக, பயிற்சியாக, சம்பளம் தரும் தொழிலாக மாற்றியதுதான் அந்தப் பள்ளி செய்த பெரிய காரியம். குடியாத்தம் சாலையில் மரத்தடியில் நடந்த வைத்திய முகாம்களும் இதே காலத்தில் வளர்ந்தன.

1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளி வந்தது. முதல் அணியில் 14 பேர் 1922-ல் படிப்பை முடித்தார்கள்.

டிப்ளமோ எப்போது டிகிரி ஆனது?

1930-களின் இறுதியில் சிக்கல் வந்தது. பல்கலைக்கழகத்தோடு இணையாத மருத்துவப் படிப்புகளுக்கு சென்னை மாகாண அரசு முற்றுப்புள்ளி வைத்தது. முதிய வயதிலும் ஐடா அமெரிக்கா சென்று நிதி திரட்டினார். 1942-ல் எம்.பி.பி.எஸ் வந்தது. பின்னர் ஆண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

நர்சிங்குக்கான திருப்புமுனை 1946. அந்த ஆண்டுதான் வேலூரில் பி.எஸ்சி நர்சிங் பட்டப்படிப்பு தொடங்கியது. அதே ஆண்டில் டெல்லியிலும் நர்சிங் கல்லூரி உருவானது. இந்தியாவில் நர்ஸ் என்பவர் பட்டதாரியாகவும் இருக்கலாம் என்ற நிலை வந்தது இந்த இரண்டு இடங்களிலிருந்துதான்.

இப்போது என்னென்ன படிக்கலாம்?

வேலூர் நர்சிங் கல்லூரியில் டிப்ளமோ, 4 ஆண்டு பி.எஸ்சி, டிப்ளமோ முடித்தவர்களுக்கான போஸ்ட் பேசிக் பி.எஸ்சி, 2 ஆண்டு எம்.எஸ்சி, பிஎச்.டி என எல்லாப் படிகளும் இருக்கின்றன. எம்.எஸ்சி-யில் மகப்பேறு, குழந்தைகள் நலம், மனநலம், சமூக நலம் போன்ற பிரிவுகளில் சிறப்புப் பயிற்சி பெறலாம். எம்.எஸ்சி முடித்தவர்கள் கல்லூரிகளில் பேராசிரியராகலாம். அதாவது, அடுத்த நர்ஸை உருவாக்குபவரும் ஒரு நர்ஸ்தான்.

ஐடா திருமணம் செய்துகொள்ளவில்லை. ஓய்வுக்குப் பிறகு கொடைக்கானலில் வாழ்ந்து, 1960 மே மாதம் தன் 89-வது வயதில் காலமானார். திண்டிவனத்தில் அந்த மூன்று பெண்களுக்குக் கிடைக்காத கை, இன்று எத்தனையோ பிரசவ வார்டுகளில் வெள்ளை உடையில் நின்றுகொண்டிருக்கிறது.